அடர் நடவு ஆப்பிள் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஷ்மீரிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் பழைய பெரிய ஆப்பிள் மரங்களை எடுத்துவிட்டு, குட்டை மரங்களை நெருக்கி நடும் முறை வேகமாகப் பரவி வருகிறது. புதுத் தோட்டங்களில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான்: மரம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. பெரிய மரத்துக்குப் போட்ட உரம், பெரிய மரத்துக்குச் செய்த கவாத்து (கிளை வெட்டு), பெரிய மரத்துக்கு அடித்த மருந்து ஆகியவற்றையே குட்டை மரத்துக்கும் தொடர்கிறார்கள். கீழே உள்ள பதில்களில் பாதி அந்தப் பழக்கங்களைப் பற்றியவை.

அடர் நடவு என்றால் ஏக்கருக்கு எத்தனை மரம்?

விதையிலிருந்து வளர்த்த வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) ஒட்டுக்கட்டிய பழைய மரங்கள் 6 முதல் 7.5 மீட்டர் இடைவெளியில் நிற்கும். ஏக்கருக்கு 70 முதல் 110 மரம். அடர் நடவில் வரிசைக்கு வரிசை 3 மீட்டர், மரத்துக்கு மரம் 1 மீட்டர் என்றால் கணக்குப்படி 1,349 மரம் வரும். ஓரப் பாதை போக 1,250 முதல் 1,300 மரம் நிற்கும். 3.5 × 1.2 மீட்டர் என்றால் 960 சொச்சம்.

மரம் கூடுவதால் மட்டும் விளைச்சல் கூடுவதில்லை, வெயில் உள்ளே புகுவதால்தான் கூடுகிறது. முழு வெயிலில் ஏறக்குறைய 30 சதவீதமாவது கிடைக்காத கிளையில் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு சரியாக உருவாகாது, பழத்தில் நிறமும் ஏறாது. பெரிய மரத்தின் வயிற்றுப் பகுதி முழுக்க அப்படிப்பட்ட நிழல்தான். ஒரு மீட்டர் அகலமே உள்ள ஒல்லி மரத்தில் நிழல் வயிறு கிடையாது. பழைய மரம் கணிசமாகக் காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும். நல்ல கன்று நட்டால் இதில் இரண்டாம் ஆண்டே கொஞ்சம் எடுக்கலாம், ஐந்தாறு ஆண்டில் முழு விளைச்சலுக்கு வந்துவிடும்.

எந்த வேர்ச்செடியைத் தேர்ந்தெடுப்பது?

மண், தண்ணீர், ரகம் மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். பரவலாகக் கிடைப்பவை இவை.

எம்-9: இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்தது. இன்று அதன் டி-337 என்னும் வகைதான் அதிகம் விற்பனையாகிறது. விதை வேர்ச்செடி மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே வளரும். விரைவில் காய்க்கும், பழமும் பெரிதாக வரும். வேர் எளிதில் முறியும் என்பதால் தாங்கல் இல்லாமல் நிற்காது. ஆழமில்லாத மண்ணிலும் பாசனம் இல்லாத சரிவிலும் இதை நடவே கூடாது. கம்பளி அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு எளிதில் இடம் கொடுக்கும்.

எம்.எம்-106: பாதி உயரத்துக்குச் சற்று மேல் வளரும். கம்பளி அசுவினியைத் தாங்கும். ஆனால் தண்ணீர் தேங்கும் மண்ணில் கழுத்தழுகல் நோய்க்கு முதலில் பலியாவது இதுதான்.

எம்.எம்-111: இன்னும் பெரியது. வறட்சியைத் தாங்கும். பாசன வசதியில்லாத மேட்டு நிலத்துக்கு இது பொருந்தும், ஆனால் 1 மீட்டர் இடைவெளிக்கு ஒத்துவராது.

ஜெனீவா வரிசை (ஜி-41, ஜி-935, ஜி-890 போன்றவை): நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகம் உருவாக்கியவை. அங்கே பெரும் சேதம் செய்யும் நெருப்புக் கருகல் நோயைத் தாங்குவதற்காக வளர்த்தெடுக்கப்பட்டன. இவற்றில் பல, ஆப்பிள் நின்ற மண்ணில் மறுபடியும் ஆப்பிள் நடும்போது வரும் வளர்ச்சிக் குறைவையும் தாங்கும். ஜி-41-இல் ஒட்டு இணைந்த இடம் இளம் பருவத்தில் சட்டென முறியும், எனவே இறக்கி ஏற்றும்போதே கவனம் வேண்டும்.

ரகத்தின் வீரியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரெட் டெலிசியஸில் நெருங்கிக் காய்க்கும் குறுங்கணு வகைகள் எம்-9 மீது மிகவும் குன்றிப்போய், கம்பியின் உச்சியை எட்டாமலே நின்றுவிடும். அவற்றுக்கு ஒரு படி வீரியமான வேர்ச்செடி வேண்டும். காலா, ஃப்யூஜி போன்ற வீரிய ரகங்களுக்கு எம்-9 சரி.

கன்று வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஒட்டுக்கு 10 செ.மீ. மேலே தண்டின் விட்டம் 15 மி.மீ.க்குக் குறையக்கூடாது. தரையிலிருந்து 70 செ.மீ.க்கு மேல் குறைந்தது எட்டுப் பக்கக்கிளைகள் இருந்தால்தான் இரண்டாம் ஆண்டுக் காய்ப்பு பற்றிப் பேசலாம். கிளையில்லாத சாட்டைக் கன்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்த மிச்சத்துக்கு ஓராண்டு விளைச்சலை விலையாகக் கொடுக்க நேரும். வேரில் கழலை போன்ற முடிச்சு இருந்தால் அந்தக் கட்டையே வேண்டாம். வெளிநாட்டுக் கன்று என்றால் தொற்றுத்தடுப்புக் காலம் முடித்து வந்ததா என்பதற்கு ஆவணம் கேளுங்கள்.

வேர் காய்வதுதான் கன்று சாவதற்கு முதல் காரணம். நடுவதற்கு முன் 12 மணி நேரம் வேரைத் தண்ணீரில் வைக்கலாம். இரண்டு நாள் ஊறப்போட்டால் வேர் மூச்சுத் திணறும். தோட்டத்தில் கன்றுகளை ஈரச் சாக்கால் மூடி, ஒவ்வொன்றாக எடுத்து நட வேண்டும்.

ஒட்டு மண்ணுக்கு மேலே எவ்வளவு இருக்க வேண்டும்?

மண் அமர்ந்த பிறகு 15 செ.மீ. தோண்டிய குழி அமரும்போது கன்றும் சில செ.மீ. இறங்கும், அதற்கும் சேர்த்து உயர்த்தி நட வேண்டும்.

சிறிய விஷயமாகத் தோன்றும் இதுதான் தோட்டத்தையே கெடுப்பது. ஒட்டு மண்ணுக்குள் போனால் மேலே உள்ள ரகமே சொந்தமாக வேர் விடும். அதன் பிறகு எம்-9-க்கு வேலை இல்லை. மூன்று நான்கு ஆண்டில் அந்த மரம் வரிசையை மீறி எழும், காய்க்காமல் வளரும், எத்தனை கவாத்து செய்தாலும் அடங்காது. மழைக்காலத்தில் சரிவிலிருந்து மண் வழிந்து ஒட்டை மூடுவதும், தொழு உரத்தைத் தண்டோடு குவிப்பதும் இதே கெடுதலைச் செய்யும். ஆண்டுக்கு ஒருமுறை வரிசையில் நடந்து மண்ணை விலக்கிவிடுங்கள். ஒட்டை 25 செ.மீ.க்கு மேல் தூக்கி நடுவதும் சரியல்ல: மரம் மிகவும் குன்றும், வெளியே தெரியும் வேர்ச்செடித் தண்டில் வேர்முடிச்சுகள் கிளம்பித் துளைப்பான்களுக்கு வாசலாகும்.

பழைய ஆப்பிள் மரத்தைப் பிடுங்கிய இடத்தில் உடனே நடலாமா?

நடலாம், ஆனால் கன்று ஏங்கி நிற்கும். பழைய வேரைச் சுற்றிப் பெருகிய பூஞ்சைகளும் நூற்புழுக்களும் புது வேரைத் தின்னும். பழைய வேர்களை முடிந்தவரை பொறுக்கி எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு ஆண்டு பயறு, கடுகு, புல் என மாற்றுப் பயிர் போடுவது நல்லது. காத்திருக்க முடியாது என்றால் புது வரிசை பழைய வரிசையில் விழாமல், இரண்டு பழைய வரிசைகளுக்கு நடுவில் விழும்படி அமையுங்கள். இந்த நிலத்துக்கு ஜெனீவா வேர்ச்செடிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீணாகாது.

கம்பித் தாங்கல் கட்டாயமா? முதலாண்டே வேண்டுமா?

எம்-9 என்றால் கட்டாயம், அதுவும் நட்ட சில வாரங்களுக்குள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏக்கருக்கு 16 டன் காய்த்தால் வரிசையின் ஒவ்வொரு மீட்டருக்கும் 12 கிலோ பழம் தொங்கும். 100 மீட்டர் வரிசைக்கு 1.2 டன். அதன் மேல் இலையும் மழையும் காற்றும்.

8 முதல் 10 மீட்டருக்கு ஒரு தூண், 60 முதல் 90 செ.மீ. மண்ணுக்குள். மேலே 3 மீட்டர் உயரம். 2.5 மி.மீ. உறுதிக் கம்பி மூன்று அல்லது நான்கு. வரிசை சாய்ந்தால் பெரும்பாலும் பழுது நடுத்தூணில் இருக்காது, கடைசித் தூணில்தான் இருக்கும். கம்பியின் மொத்த இழுப்பும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. கடைசித் தூணை வெளிப்புறம் சாய்த்து நட்டு, அதற்கு அப்பால் ஒரு மீட்டர் ஆழத்தில் நங்கூரம் புதைத்து இழுத்துக் கட்ட வேண்டும். மரத்தைக் கம்பியோடு கட்டும்போது வளையம் தளர்வாக இருக்கட்டும். சணலோ இரும்புக் கம்பியோ இறுகக் கட்டினால் இரண்டு ஆண்டில் பட்டைக்குள் புதைந்து தலைப்பகுதி ஒடியும்.

கவாத்து எப்படி? நுனியை வெட்ட வேண்டாமா?

வெட்டக்கூடாது. பெரிய மரத்துப் பழக்கத்தில் கைவிடக் கடினமானது இதுதான். நட்டதும் தலையை வெட்டுவது, ஒவ்வொரு கிளையின் நுனியையும் கால்வாசி நறுக்குவது எல்லாம் பழைய மரத்தில் கட்டமைப்பு உண்டாக்க உதவின. குட்டை மரத்தில் நுனி வெட்டு ஒவ்வொன்றும் நான்கு வீரியத் துளிரைக் கிளப்பும், காய்ப்பு ஓராண்டு தள்ளும்.

முதலாண்டில் வேலை குறைவு. நடுத்தண்டை அப்படியே விட வேண்டும். நடுத்தண்டின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைவிடத் தடித்த பக்கக்கிளை இருந்தால் அடியோடு நீக்கிவிடுங்கள். மற்ற கிளைகளைப் படுக்கை நிலைக்குச் சற்றுக் கீழே தாழும்படி நூலாலோ எடையாலோ வளைத்துவிடுங்கள். நிமிர்ந்த கிளை மரமாகப் பார்க்கும், தாழ்ந்த கிளை காய்க்கப் பார்க்கும்.

நான்காம் ஆண்டு முதல் ஒவ்வொரு குளிர்காலமும் 2 செ.மீ.க்கு மேல் தடித்த கிளைகளில் ஒன்றையோ இரண்டையோ நடுத்தண்டில் இருந்தே எடுக்க வேண்டும். வெட்டு சாய்வாக இருக்கட்டும்: மேல்பக்கம் தண்டோடு ஒட்டி, கீழ்ப்பக்கம் இரண்டு செ.மீ. கட்டை விட்டு. அந்தக் கட்டையின் அடிப்புறத்திலிருந்து தட்டையான இளங்கிளை வரும். இப்படியே கிளைகள் சுழற்சியாகப் புதுப்பிக்கப்படும். எந்தக் கிளையும் நிரந்தரமில்லை, நடுத்தண்டு ஒன்றே நிரந்தரம். மர உயரம் வரிசை இடைவெளியில் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டினால் அடுத்த வரிசையின் அடிக்கிளைக்கு வெயில் போகாது. 3 மீட்டர் வரிசைக்கு 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் முழுக்க ஒரே ரகம் நடலாமா?

கூடாது. ஆப்பிள் தன் ரகத்துப் பூந்தாதை ஏற்காது. ரெட் டெலிசியஸும் அதன் வழிவந்த சிவப்பு ரகங்களும் ஒரே ரகத்துக்குச் சமம், ஒன்றுக்கொன்று உதவாது. கோல்டன் டெலிசியஸ், கிரானி ஸ்மித், காலா ஆகியவை உதவும். பழ ரகத்துக்கு இடம் ஒதுக்க மனமில்லை என்றால் மஞ்சூரியன், ஸ்னோடிரிஃப்ட் போன்ற காட்டு ஆப்பிள்களைத் தூண் ஓரமாக ஒன்பது மரத்துக்கு ஒன்று என நடலாம். முட்சு, ஜோனகோல்ட் போன்ற மும்மடிய (மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட) ரகங்களின் பூந்தாது பயன்படாது.

தேனீப் பெட்டி ஏக்கருக்கு இரண்டு. பத்தில் ஒரு பூ விரிந்த பிறகு கொண்டுவாருங்கள். முன்பே வைத்தால் பக்கத்துக் கடுகு வயலுக்குப் பழகிவிடும். வெப்பம் 12, 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் தேனீ சரியாக வெளியே வராது. பூக்காலத்தில் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது.

பூக்கும் நேரத்தில் உறைபனி வந்தால்?

எந்தக் கட்டத்தில் வந்தது என்பதைப் பொறுத்தது. அரை அங்குலப் பச்சைத் துளிர் நிலையில் மைனஸ் 5 டிகிரி செல்சியஸில்தான் பத்தில் ஒரு மொட்டு சாகும். மொட்டுக்கொத்து நெருங்கி நிற்கும்போது மைனஸ் 2.8. இளஞ்சிவப்பு மொட்டிலும் முழுப் பூவிலும் மைனஸ் 2.2. முழுப் பூவில் மைனஸ் 3.9 வரை இறங்கினால் பத்தில் ஒன்பது போய்விடும்.

நுண்தெளிப்பு நீர் நன்றாகக் காப்பாற்றும். தண்ணீர் உறையும்போது விடும் வெப்பம்தான் மொட்டைக் காக்கிறது. மணிக்கு 2.5 முதல் 3 மி.மீ. அளவில், உறைநிலைக்கு முன்பே தொடங்கி, காலையில் பனிக்கட்டி தானாக உருகி விழும்வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் ஈரம் ஆவியாகி, தெளிக்காத மரத்தைவிட அதிகமாகக் குளிரும். ஜெனரேட்டர் இல்லாதவர்கள் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல். காற்றுச் சுழலி மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றை இறக்கும், காற்று வீசும் இரவில் அதனால் பயனில்லை.

செலவில்லாத வேலைகளும் உண்டு. வரிசைக்கு இடையே புல்லை ஒட்ட வெட்டி மண்ணை ஈரமாக வையுங்கள். சரிவின் அடியில் அடர்ந்த வேலி இருந்தால் குளிர்காற்று வழியின்றித் தேங்கும், ஒரு வாசலைத் திறந்துவிடுங்கள். மறுநாள் பூவைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நடுவில் கறுத்திருந்தால் அது செத்த பூ. அதை எண்ணிய பிறகே காய் களைவதா என்று முடிவு செய்யுங்கள்.

ஒரு மரத்தில் எத்தனை காய் விடலாம்?

அடிமரத்தை அளந்தால் விடை கிடைத்துவிடும். ஒட்டுக்கு 30 செ.மீ. மேலே சுற்றளவை எடுங்கள். அதை அதே எண்ணால் பெருக்கி 12.57-ஆல் வகுத்தால் தண்டின் குறுக்குப் பரப்பு சதுர செ.மீ.யில் வரும். ஒரு சதுர செ.மீ.க்கு 5 முதல் 6 காய்.

சுற்றளவு 12.5 செ.மீ. என்றால் பரப்பு 12.4. காய் 62 முதல் 75 வரை. ஒரு பழம் 180 கிராம் என்றால் 70 பழத்துக்கு 12.6 கிலோ, 1,300 மரத்துக்கு 16 டன் சொச்சம். இரண்டாமாண்டு மரத்தின் சுற்றளவு 7 செ.மீ. என்றால் பரப்பு 3.9 தான். சதுர செ.மீ.க்கு நான்கு என்று 15 காயோடு நிறுத்துங்கள். ஆசைப்பட்டு நாற்பது விட்டால் நடுத்தண்டு வளைந்து நிற்கும், உச்சிக் கம்பியை எட்டாது. அந்த இழப்பை அடுத்து எதாலும் ஈடுகட்ட முடியாது.

ஓராண்டு காய்த்து ஓராண்டு ஓய்கிறதே, ஏன்?

காயின் விதையில் உருவாகும் ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கி அடுத்த ஆண்டுப் பூமொட்டைத் தடுக்கிறது. பூ உதிர்ந்து ஐந்தாறு வாரத்துக்குள் அந்த மொட்டின் தலையெழுத்து முடிவாகிவிடும். அதற்குப் பிறகு கையால் களைந்தால் பழம் பெருக்கும், அடுத்த ஆண்டுப் பூ வராது. அதனால்தான் காய் களைவதைச் சீக்கிரம் செய்யச் சொல்கிறோம்.

காய் 8 முதல் 12 மி.மீ. இருக்கும்போது என்.ஏ.ஏ. என்னும் வளர்ச்சி ஊக்கியை 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவில் தெளிக்கலாம். கடையில் கிடைப்பது 4.5 சதவீதக் கரைசல் என்றால் 200 லிட்டர் டிரம்முக்கு 44 மி.லி. பகல் வெப்பம் 20 முதல் 25 டிகிரி இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். 30 டிகிரியைத் தொட்டாலும், மூன்று நாள் மேகமூட்டம் என்று தெரிந்தாலும் தள்ளிப்போடுங்கள். மரத்தில் மாவுச்சத்து குறைந்திருக்கும் நேரத்தில் அளவுக்கு மீறி உதிரும். இதே என்.ஏ.ஏ.யை அறுவடைக்கு முன் காய் உதிராமல் இருக்கவும் தெளிப்பார்கள். ஒரே பாட்டில், பருவத்தைப் பொறுத்து நேர் எதிர் வேலை. வெளிநாட்டுக் கையேடுகளில் காய் களையக் கார்பரில் என்னும் பூச்சிமருந்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கும், இந்தியாவில் அது 2018 முதல் தடை.

பின்னர் கையால் கொத்துக்கு ஒரு காய், காய்க்குக் காய் 10 முதல் 15 செ.மீ. என்று சரிசெய்யுங்கள்.

உரம் எவ்வளவு?

இமாச்சலத்தில் பத்து வயதைக் கடந்த பெரிய மரத்துக்கு ஆண்டுக்கு 700 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 350 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 700 கிராம் சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்பது பழக்கப்பட்ட பரிந்துரை. அதையே 1,300 குட்டை மரத்துக்குப் போட்டால் ஏக்கருக்கு 910 கிலோ தழைச்சத்து ஆகும். அப்படி யாரும் போடுவதில்லைதான், ஆனால் அதில் கால்வாசி போட்டு 'குறைத்துவிட்டோம்' என்று நினைப்பவர்கள் உண்டு. முழுக் காய்ப்பில் உள்ள அடர் தோட்டத்துக்கு ஏக்கருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து பெரும்பாலும் போதும். சொட்டுநீரோடு சிறுகச் சிறுக, பெரும்பகுதியை ஜூன் இறுதிக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். பிந்திய தழைச்சத்து நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கெடுக்கும்.

மரமே அளவைச் சொல்லும். காய்க்கும் மரத்தின் நுனித்துளிர் 25 முதல் 40 செ.மீ. வளர்ந்தால் சரி. 60 செ.மீ. வளர்ந்தால் அடுத்த ஆண்டு தழைச்சத்தை நிறுத்திப் பாருங்கள். உறுதியாகத் தெரிய இலை ஆய்வு: ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள், அந்த ஆண்டுத் துளிரின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 100 இலை. தழைச்சத்து 1.8 முதல் 2.4 சதவீதமும் சாம்பல்சத்து 1.2 முதல் 1.8 சதவீதமும் இருக்கலாம்.

பழத்தோலில் கசப்புக்குழி விழுகிறதே?

சுண்ணாம்புச்சத்துக் (கால்சியம்) குறைவு, ஆனால் மண்ணில் அல்ல, பழத்தில். சுண்ணாம்பு நீரோடு ஏறி, அதிகம் ஆவியாகும் இலைக்கே போகும். பழத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் ஐந்தாறு வாரத்தில். எனவே வீரியத் துளிர், குறைந்த காய்ப்பு, மிகப் பெரிய பழம், அளவுக்கு மீறிய சாம்பல்சத்து நான்கும் குழியைக் கூட்டும். கால்சியம் குளோரைடு 200 லிட்டருக்கு 600 கிராம், பூ உதிர்ந்த ஒரு மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அறுவடைக்கு முந்தைய இரண்டு தெளிப்பில் 1 கிலோ வரை போகலாம். வெயில் கடுமையான பகலில் தெளித்தால் இலை ஓரம் கருகும். பழத்தின் மீது படாத தெளிப்பு வீண், இலையிலிருந்து பழத்துக்கு அது நகராது.

சொட்டுநீர் எத்தனை மணி நேரம் விடுவது?

கோடையில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகும் இடத்தில், 3 × 1 மீட்டர் பரப்புள்ள முழு மரத்துக்கு 15 லிட்டர். 50 செ.மீ.க்கு ஒரு துளை, துளைக்கு மணிக்கு 2 லிட்டர் என்றால் ஒரு மரத்துக்கு 4 லிட்டர் விழும். நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முதலாண்டுக் கன்றுக்கு இதில் மூன்றில் ஒரு பங்கே தேவை. பூ உதிர்ந்த நாலைந்து வாரம் பழத்தில் செல் பெருகும் காலம், அப்போது தவறவிட்ட தண்ணீரை ஆகஸ்டில் இரட்டிப்பாக விட்டாலும் பழம் பெருக்காது.

மலையில் 'குஹ்ல்' என்னும் கால்வாய்த் தண்ணீரில் பனி உருகும் காலத்தில் வண்டல் அதிகம். சல்லடை வடிகட்டி மட்டும் போதாது, மணல் வடிகட்டியும் வேண்டும். வாரம் ஒருமுறை குழாய் முனையைத் திறந்து கழுவிவிடுங்கள். உறைபனிக்கு முன் குழாய்களை வடித்துவிட வேண்டும். வைக்கோல் மூடாக்கு நல்லது, ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் விலகியிருக்கட்டும். குளிர்காலத்தில் அதற்குள் எலி குடியிருந்து பட்டையைச் சுற்றித் தின்னும்.

மருந்து எத்தனை லிட்டர் தெளிப்பது? சொறி நோய்க்கு எப்போது?

மரத்தை எண்ண வேண்டாம், இலைச்சுவரின் கொள்ளளவை அளவிடுங்கள். உயரம் × அகலம் × 10,000 ÷ வரிசை இடைவெளி. 2.7 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் வரிசை என்றால் ஹெக்டேருக்கு 10,800 கன மீட்டர். 1,000 கன மீட்டருக்குச் சுமார் 100 லிட்டர் வீதம் 1,080 லிட்டர், ஏக்கருக்குச் சுமார் 435. நீர் பட்டால் நிறம் மாறும் தாளை இலையின் அடிப்புறம் குத்தி வைத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள், தெளிப்பாளரின் கை எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிடும்.

சொறி நோய்ப் பூஞ்சை உதிர்ந்த இலையில் குளிர்காலத்தைக் கழிக்கும். இலை உதிரும் முன் 5 சதவீத யூரியா தெளித்தால் இலை விரைவில் மக்கும், வசந்தத்தில் வித்து குறையும். வசந்தத்தில் இலை ஈரமாக இருந்த நேரமும் வெப்பமும்தான் தொற்றை முடிவு செய்கின்றன. சொறித் தொற்றைக் கணிக்க உதவும் மில்ஸ் அட்டவணைப்படி 16 முதல் 24 டிகிரியில் 9 மணி நேர ஈரம் போதும், 10 டிகிரியில் 14 மணி நேரம் வேண்டும். எனவே நாள்காட்டியைப் பார்த்து அடிப்பதைவிட, மழைக்கு முந்தைய நாள் காப்பு மருந்து அடிப்பதே சரி. எந்த மருந்து என்பதற்கு நவுனியில் உள்ள ஒய்.எஸ். பர்மார் பல்கலைக்கழகமும் காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகமும் வெளியிடும் தெளிப்பு அட்டவணையைப் பின்பற்றுங்கள், ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து அடிக்காதீர்கள்.

சான்ஜோஸ் செதில் பூச்சிக்கும் சிலந்தி முட்டைக்கும் துளிர் அரை அங்குலம் வருவதற்குள் தோட்ட எண்ணெய் 200 லிட்டருக்கு 4 லிட்டர். எண்ணெய்க்கு முன்னும் பின்னும் இரண்டு வாரத்துக்குக் கந்தகமும் கேப்டான் என்னும் பூஞ்சைக்கொல்லியும் வேண்டாம், இலை வெந்துவிடும். கோடையில் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்தை அடித்துவிட்டு, 'சிவப்புச் சிலந்தி எங்கிருந்து வந்தது' என்று கேட்பவர்கள் உண்டு. அதைத் தின்னும் நல்ல சிலந்தியை அந்த மருந்தே கொன்றுவிடுகிறது.

ஆலங்கட்டிக்கு வலையா, பீரங்கியா?

வலை. வெடிச்சத்தம் ஆலங்கட்டியைக் கலைக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. கறுப்பு வலை வெளிச்சத்தை அதிகம் மறைப்பதால் நிறம் ஏறாத சிவப்பு ரகங்களுக்கு வெள்ளை வலை நல்லது. அறுவடை முடிந்த அன்றே வலையைச் சுருட்டிவிட வேண்டும். காஷ்மீரில் 2018, 2019 இரண்டு ஆண்டும் நவம்பர் முதல் வாரத்திலேயே, இலை உதிராதபோதே, பெரும் பனி கொட்டி மரங்களை ஒடித்தது. வலை விரித்திருந்தால் தூணும் சேர்ந்து சரியும்.

எப்போது பறிப்பது?

நிறத்தை நம்பாதீர்கள், இன்றைய சிவப்பு ரகங்கள் பழுக்கும் முன்பே சிவந்துவிடும். அயோடின் சோதனை செய்யுங்கள்: 8.8 கிராம் பொட்டாசியம் அயோடைடை 30 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து, 2.2 கிராம் அயோடின் சேர்த்து, ஒரு லிட்டராக்கி இருட்டுப் பாட்டிலில் வையுங்கள். குறுக்கே அறுத்த பழத்தில் தடவினால் மாவுச்சத்து உள்ள இடம் கறுக்கும். நடுவே விதைப்பகுதி தெளிந்து சதை பெரும்பாலும் கறுப்பாக இருந்தால் நீண்ட சேமிப்புக்கு ஏற்ற நேரம். பாதிக்கு மேல் தெளிந்தால் உடனே விற்றுவிடுங்கள். சோதித்த பழத்தைத் தின்னக்கூடாது. எத்தரல் என்னும் பழுக்கவைக்கும் மருந்தை அடித்துச் சிவக்கவைத்த பழம் கிடங்கில் நிற்காது.

ஆக்சிஜனைக் குறைத்து மூடிவைக்கும் சி.ஏ. கிடங்கில் பெரும்பாலான ரகங்களுக்கு வெப்பம் 0 முதல் 1 டிகிரி, ஆக்சிஜன் 1.5 முதல் 3 சதவீதம். ஹனிகிரிஸ்ப் போன்ற சில ரகங்கள் அந்தக் குளிரில் உள்ளே பழுப்பேறும். மூடிய அறைக்குள் சுவாசக் கருவி இல்லாமல் தலையை நுழைப்பதுகூட உயிராபத்து, இரண்டு மூச்சில் நினைவு போய்விடும்.

சென்சார், ட்ரோன் இவற்றில் எதை முதலில் வாங்குவது?

இலை ஈரத்தைப் பதிவு செய்யும் சிறு வானிலைக் கருவியை. ஒரு பருவத்தில் தேவையற்ற இரண்டு தெளிப்பைத் தவிர்த்தாலே அதன் பயன் தெரியும். அடுத்தது 20 செ.மீ., 40 செ.மீ. ஆழத்தில் மண் ஈரமானி. ட்ரோன் கடைசி. அதன் தொட்டி சிறியது, தெளிப்பு மேலிருந்து விழுகிறது. இலையின் அடிப்புறத்துக்கும் மரத்தின் கீழ்ப்பாதிக்கும் போதுமான அளவு மருந்து போய்ச் சேர்வதில்லை. ஆள் ஏற முடியாத செங்குத்துச் சரிவில் மட்டும் யோசிக்கலாம்.

இதையெல்லாம் கொடைக்கானலில் செய்ய முடியுமா?

அடர் நடவு முறை முடியும், ரெட் டெலிசியஸ் முடியாது. அதற்கு 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மொட்டு முன்னும் பின்னுமாக விழிக்கும், கிளை வெறும் குச்சியாக நிற்கும். அன்னா, டோர்செட் கோல்டன் ஆகியவற்றுக்கு 300 மணி நேரத்துக்கும் குறைவாகப் போதும். இரண்டையும் கலந்து நட்டால் ஒன்றுக்கொன்று மகரந்தம் தரும். இமாச்சலத்தின் தாழ்நிலமான பிலாஸ்பூரில் ஹரிமன் சர்மா தேர்ந்தெடுத்த எச்.ஆர்.எம்.என்-99 இந்த வகைதான். கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் கே.கே.எல்.-1 என்ற பெயரில் பார்லின்ஸ் பியூட்டியை வெளியிட்டிருக்கிறது.

குளிரே இல்லாத இடத்துக்கு இந்தோனேசியாவின் பாத்து மலைப்பகுதியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பறித்த சில வாரத்தில் மரத்தின் இலைகளைக் கையால் முழுக்க உருவிவிடுவார்கள், கிளைகளை வளைத்துக் கட்டுவார்கள். மரம் உறக்கத்துக்குப் போகாமலே மறுபடி பூக்கும், ஆண்டுக்கு இரண்டு அறுவடை. கூலி அதிகம், பூஞ்சை நோய்த் தொல்லையும் ஓயாது. கொடைக்கானலில் முயல்பவர்கள் முதலில் இருபது மரத்தில் செய்து, வடகிழக்குப் பருவமழையில் இலை எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துவிட்டு ஏக்கர் கணக்குப் போடலாம்.